மோர்லிங்கன் நாரைகளின் சொந்த மைதானம்

1990ஆம் ஆண்டு செப்ரெம்பர் இருபத்தோராம் திகதி, வெள்ளிக்கிழமை, பகல் ஒன்றரை மணிக்கு, ரொறன்ரோ சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு கட்டடத்தின் பதினோராம் மாடியில் தவமலரின் வீட்டு ஹோலில் ஐஸ் பிடித்தது. சுவரோடு சுவர் முட்ட, ஒன்றரை அங்குலக் கனத்துக்குப் பிடித்தது. சோபாவின் கால்களும் ரிவி வைத்த மேசையின் கால்களும் அதற்குள் உறைந்து நின்றன. குசினியிலிருந்து எட்டிப் பார்த்த தவமலர் அலறவில்லை. ஐஸுக்கு அடியில், சோபாவின் குறுக்கே ஒரு நீலக்கோடும், ரிவிக்குப் பக்கத்தில் ஒரு சொசேஜ் கடை விளம்பரத்தின் பாதியும் தெரிந்தன. அவளுக்கு அந்த ஐஸை நன்றாகத் தெரியும். ஐந்து வருடம் அதை மினுக்கியவள் அவள்தான். அதே நிமிடம் ஜெர்மனியில், மோர்லிங்கன் என்ற சிறு நகரத்தில், மாலை ஏழரை மணிக்கு, அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தைப் பார்க்க மூவாயிரம் பேர் கூடியிருக்க, ஸ்ரேடியத்தின் ஐஸ் முழுவதும் தண்ணீராகிவிட்டது. விளையாட்டு வீரர்கள் கணுக்கால் அளவு தண்ணீரில் ஸ்கேற் சப்பாத்துகளோடு நின்றார்கள். எதிரணி கோல்காப்பாளரின் கையுறை ஒன்று மிதந்து போனது.

மோர்லிங்கன் ஐஸ் ஹொக்கிக் கழகத்துக்கு இப்படியான காரியங்கள் புதிதல்ல. 1926இல் பொத்தான் தொழிற்சாலைத் தொழிலாளர் பதினொரு பேர் ஆலைக் குளம் உறைந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தொடங்கினார்கள். குளத்தில் நின்ற நாரையைச் சின்னமாக்கினார்கள். நாரைகள் என்பது அவர்களுக்குப் பெயராயிற்று. 1934இல் மூடுபனிக்குள் நடந்த ஓர் ஆட்டத்தில், பக் என்கிற அந்தக் கறுத்த ரப்பர் வட்டு காணாமல் போய், ஏப்ரலில் பிடிபட்ட ஒரு மீனின் வயிற்றிலிருந்து வந்தது. மீன் கோல் கோட்டுக்கு உள்ளேதான் பிடிபட்டது என்று தூண்டில்காரர் சத்தியம் செய்ததால், ஆறு கிழமை பிந்தி அந்தக் கோலை லீக் ஒப்புக்கொண்டது. யுத்தத்தின்போது மட்டைகள் எல்லாம் அடுப்புக்குள் போயின. 1957இல் பயிற்சியாளர் ஜனவரி மாதம் காலமானார். ஆனால் ஒப்பந்தம் மார்ச் முடியும்வரை இருந்தபடியால் அதுவரை ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தொப்பியோடு வந்து வீரர்கள் இருக்கும் வாங்கில் இருந்தார். அந்த வருடம் நாரைகள் நான்காம் இடம். 1968இல் ஸ்ரேடியத்துக்குக் கூரை போட்டார்கள். 1973இல் சம்பளத்துக்கு விளையாடுகிறவர்களை எடுத்துத் தொழில்முறைக் கழகமாக மாறினார்கள். அதன்பிறகு பன்னிரண்டு வருடம், இரண்டாம் பிரிவின் நடுவில், யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்தார்கள்.

1985இல் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்த தவமலரை, ஸ்ரேடியத்துக்குப் பின்னால் இருந்த அகதி விடுதியில் கொண்டுவந்து விட்டார்கள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பருத்தித்துறையில் அவள் பார்த்த ஐஸ் கூல்பாரில் சர்பத்துக்குள் மிதப்பது மட்டுந்தான். ஆட்டம் முடிந்தபின் இருக்கைகளைக் கூட்டுகிற வேலை கொடுத்தார்கள். அந்த மார்கழியில் ஐஸ் மினுக்கும் வண்டியை ஓட்டுகிறவர் தன் வீட்டு வாசலிலேயே வழுக்கிக் காலை முறித்துக்கொள்ள, கழகத்தின் செயலாளர் ஹெல்கா, வேறு யாரும் அகப்படாமல், தவமலரை வண்டியில் ஏற்றிவிட்டாள். ஹெல்கா ஐம்பது வயதுக்காரி. நெட்டையானவள். மோர்லிங்கனில் கழகத்தையும் தேவாலயத்து மணியையும் அவள்தான் நடத்தினாள். தவமலர் ஊற்றிய தண்ணீர், ஒரு குமிழி இல்லாமல், கீழே ஊசி கிடந்தாலும் தெரியும்படி உறைந்தது. அதன்மேல் நாரைகள் எதிரணிக்காரரைவிட ஒரு வினாடி முந்திப் போனார்கள். 1988இல் முதலாம் பிரிவுக்கு ஏறினார்கள். அடுத்த வருடம் மோர்லிங்கன் வெளிநாட்டார் அலுவலகம் தவமலரின் மனுவை இரண்டாம் தடவையும் நிராகரித்தது. வெளியேறும் தவணையை மட்டும் மூன்று மூன்று மாதமாகத் தள்ளிப்போட்டது. ரொறன்ரோவிலிருந்து அருள்நாயகம் என்பவர் இரண்டு வருடமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1990 ஜூலையில் அவள் அவரிடம் போய்ச் சேர்ந்தாள். ஆவணியில் கலியாணம். செப்ரெம்பரில் ஐஸ்.

அருள்நாயகம் ஒரு பேக்கரியில் அடுப்படி வேலை செய்தார். கனடாவில் தனக்குப் பிடித்த இடம் அந்த அடுப்படி ஒன்றுதான் என்று வெளிப்படையாகச் சொல்லுகிறவர். குளிருக்குப் பயந்து ஒக்ரோபரிலேயே இரண்டு ஜக்கற் போடுவார். அன்று வேலை முடிந்து வந்து கதவைத் திறந்தவர் வழுக்கிக்கொண்டே போய்ப் பல்கனிக் கதவில்தான் நின்றார்.

"இஞ்சாரும், நான் கலியாணம் கட்டினது உம்மையோ, ஐஸையோ?" என்று அங்கே நின்றபடியே கேட்டார்.

"ரெண்டு பேரும் ஒண்டாத்தான் வந்திருக்கிறம். ஒராளை மட்டும் திருப்பி அனுப்பேலாது," என்றாள் தவமலர்.

நாலு மணிக்கு ஐஸ் போய்விட்டது. கம்பளத்தில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. பிறகு மோர்லிங்கனில் எப்போதெல்லாம் சொந்த மைதான ஆட்டம் குறித்திருந்ததோ அப்போதெல்லாம், வெள்ளி என்றால் ஒன்றரைக்கும் ஞாயிறு என்றால் பன்னிரண்டரைக்கும், வந்தது. முதல் மாதத்திலேயே கட்டடத்துப் பிள்ளைகளுக்கு நேரம் பாடமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பிள்ளைகள், சோமாலியப் பிள்ளைகள், பிலிப்பீனியப் பிள்ளைகள் எல்லாம் காலுறையோடு வரிசையில் நின்றார்கள். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற சுப்பரின்ரென்டன்ற் வின்சன்ற், எண்பத்துமூன்றிலேயே வந்துவிட்ட கரவெட்டி ஆள், வாடகை ஒப்பந்தத்தை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். நாய், தண்ணீர்க் கட்டில், பல்கனியில் இறைச்சி வாட்டுவது ஆகியன தடுக்கப்பட்டிருந்தன. ஐஸைப் பற்றி ஒன்றும் இல்லை. "சட்டத்திலை இல்லாட்டி எனக்குப் பிரச்சினை இல்லை தங்கச்சி," என்று சொல்லிவிட்டு அவரும் சப்பாத்தைக் கழற்றினார்.

மோர்லிங்கனில் பொறியியலாளர்கள் குழாய்களையும் இயந்திரங்களையும் கழற்றிப் பூட்டினார்கள். பழுது ஒன்றும் இல்லை. டிசெம்பர் முதலாம் திகதிக்குள் ஐஸைக் காட்டாவிட்டால் கழகத்தைப் பட்டியலிலிருந்து வெட்டிவிடுவதாக லீக் எழுதியது. ஹெல்கா ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு ரொறன்ரோவுக்குத் தொலைபேசி எடுத்தாள். இருவரும் டொச் என்கிற ஜெர்மன் மொழியில் பேசிக்கொண்டார்கள்.

"மலர், ஐஸ் உன்னிடமா வந்திருக்கிறது?"

"ஓம். சோபாவுக்குக் கீழே இருக்கிறது. நான் கூப்பிடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"மன்னிப்பு என்னத்துக்கு? வெடிப்பு ஏதும் இருக்கிறதா?"

"ஒரு மயிரளவு வெடிப்பும் இல்லை."

"அப்படியென்றால் நாங்கள் வருகிறோம்," என்றாள் ஹெல்கா.

நவெம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை இருபத்திரண்டு வீரர்கள், ஆளுக்கு ஒரு பெரிய பையும் மட்டையுமாக, எலிவேற்றரில் நான்கு தடவையாக மேலே வந்தார்கள். கூடவே லீக்கின் அளவையாளர் லாங்க என்பவர் அளவுநாடாவோடு வந்தார். ஹோலை அளந்தார். பதினெட்டு அடிக்குப் பதினாலு அடி. சட்டப்படி மைதானம் அறுபது மீற்றருக்கு முப்பது மீற்றர் இருக்கவேண்டும் என்று வருத்தத்தோடு சொன்னார். அணித்தலைவன் ஊவே, முன்பற்கள் இரண்டு இல்லாத, பெரிய தோள்கொண்டவன், சோபாவில் இருந்து முகத்தை மூடிக்கொண்டான். அப்போது தவமலர் குளிர்ச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு, "ஹோல் இல்லாட்டி வெளியிலை பாப்பம்," என்று கீழே இறங்கினாள். கட்டடத்துக்குப் பின்னால் இருந்த புல்வெளியின் நடுவில் போய் நின்றாள். ஒன்றரை மணி ஆனது. ஐஸ் அவள் காலடியிலிருந்து தொடங்கி நாலு பக்கமும் ஓடி, அறுபதுக்கு முப்பது ஆனதும் நின்றது. நீலக்கோடுகள், சிவப்புக்கோடு, பொத்தான் தொழிற்சாலை விளம்பரம், சொசேஜ் கடை விளம்பரம் முழுவதும், எல்லாம் இருந்தன. விளிம்பில் மரப்பலகை அரணும் எழும்பிக்கொண்டது. லாங்க மூன்று தடவை அளந்துவிட்டு, சொந்த ஐஸ் எங்கேயோ அங்கேதான் சொந்த மைதானம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஊவே ஐஸில் முழந்தாளிட்டு அதை முத்தமிட்டுச் சிரித்தான். இரண்டு மாதமாக அவன் சிரித்திருக்கவில்லை என்று மற்றவர்கள் பின்னர் சொன்னார்கள்.

இவ்வாறு மோர்லிங்கன் நாரைகள் ஐந்து பருவம் சென் ஜேம்ஸ் ரவுணில் விளையாடினார்கள். மற்றக் கழகங்கள் வியாழக்கிழமை வந்து இறங்கி, வெள்ளி விளையாடி, சனி நயாகரா பார்த்துவிட்டு, ஞாயிறு மறுபடி விளையாடித் திரும்பின. தோற்றவர்கள்கூடக் குறை சொல்லவில்லை. நீர்வீழ்ச்சி அவர்களுக்குப் பிடித்திருந்தது. செப்ரெம்பரில் புல் பச்சையாக ஐஸுக்கு அடியில் தெரிந்தது. பல்கனிகள் இருக்கைகளாயின, பதினெட்டு மாடியிலும் சனம் நின்றது. இரண்டாம் மாடி அன்ரிமார் மட்டன் றோல்ஸும் போத்தலில் பிளேன்ரீயும் கொண்டுவந்து இரு அணிக்கும் கொடுத்தார்கள். முதல் வருடம் வீரர்கள் காரத்தில் கண்ணீர் விட்டார்கள். இரண்டாம் வருடம் கூடக் காரம் கேட்டார்கள். வின்சன்ற் ஒலிபெருக்கியை எடுத்துக்கொண்டார். ஹொக்கிச் சட்டம் அவருக்கு முழுதாகத் தெரியாதபடியால் தெரிந்ததைச் சொன்னார்: "உவன் உதிலை நிக்கிறது சரியில்லை. தள்ளி நில்லடா தம்பி!" அது ஓஃப்சைட் என்று நடுவரும் ஊதுவார்.

அருள்நாயகத்தை மட்டும் முதல் பருவத்தில் ஒருவரும் கீழே காணவில்லை. கதவை இழுத்துப் பூட்டிக்கொண்டு ஹீற்றருக்குப் பக்கத்தில் இருந்தார். மனைவி தன்னிடம் வந்தாளா, இல்லை ஒரு நகரமே தன் வீட்டுக்குள் வந்து ஏறிவிட்டதா என்று அவருக்கு விளங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தவமலர் மேலே வந்து குசினியில் இருந்த மிகப் பெரிய பானையை அடுப்பில் வைத்தாள். ஏன் என்று கேட்டார். ஆட்டத்தின் மூன்று பீரியட்டுகளுக்கும் இடையில் ஐஸுக்குத் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றாள்.

"ஐஸுக்கு என்னத்துக்குச் சுடுதண்ணி?"

"பச்சைத்தண்ணி விட்டா ஐஸ் கலங்கும். கொதிதண்ணி விட்டாத்தான் கண்ணாடி மாதிரி இறுகும். உங்களுக்கு உது தெரியாதோ?"

அருள்நாயகத்துக்குத் தெரியாது. பானை கொதிக்கும்வரை அடுப்பின் பக்கத்திலேயே நின்றார். பிறகு அதன் இரண்டு காதையும் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு, ஆறிவிடும் முன்னர் எலிவேற்றருக்கு ஓடினார். அடுத்த கிழமை பேக்கரியிலிருந்து நான்கு பெரிய பாத்திரங்கள் கேட்டு வாங்கிவந்தார். ஆவி பறக்க ஐஸின் நடுவில் நின்று சுடுதண்ணீர் ஊற்றுகிற மனிதனுக்குப் பதினெட்டு மாடியும் கைதட்டியது. அவர் இரண்டாவது ஜக்கற்றைக் கழற்றியது அன்றைக்குத்தான்.

1992 மே மாதம் தவமலரின் அகதி விசாரணை வந்தது. லோயர் ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார்: ஊரில் ஆபத்து என்பதை நம்புவார்கள், ஆனால் ஜெர்மனியில் ஐந்து வருடம் பத்திரமாக இருந்தவள் ஏன் அங்கிருந்து வந்தாள் என்று கேட்பார்கள். சாட்சி சொல்ல ஹெல்காவை அழைத்தார்கள். புறப்படுமுன் கழக நிர்வாகக் குழு ஹெல்காவைக் கூப்பிட்டு இருத்தி, நகர மேயர் கையெழுத்திட்ட கடிதம் ஒன்றைக் கொடுத்தது. தவமலருக்கு மோர்லிங்கனில் வேலையும் வீடும் வதிவிட அனுமதியும் தயாராக இருக்கின்றன என்று அதில் இருந்தது. அந்தக் கடிதத்தைக் காட்டினால் கனடா அவளைத் திருப்பி அனுப்பும். அவள் வந்தால் ஐஸ் வரும். ஒருவரும் அதைக் கெட்ட காரியமாக நினைக்கவில்லை. இரண்டு வருடமாக ஸ்ரேடியத்தில் துருப்பிடித்த தண்ணீர் நின்றது. வெள்ளிக்கிழமை மாலைகளில் மோர்லிங்கன் சனம் எங்கே போவதென்று தெரியாமல் தெருவில் நடந்தார்கள். ஹெல்காவின் புருஷனும் அவர்களில் ஒருவர்.

விசாரணைக்கு முதல்நாள் ஹெல்கா பதினோராம் மாடியில் தங்கினாள். சாப்பிட்டபின் தவமலரிடம் நேராகவே கேட்டாள்.

"உனக்குத் திரும்பி வர விருப்பமா? உண்மையைச் சொல்."

தவமலர் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "அங்கே எல்லாரும் என்னோடு நல்லாத்தான் இருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு மூன்று மாதமும் விசாவுக்குப் போய் நிற்கும்போது, இந்தத் தடவை இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் நினைப்பேன். ஐஸை நான் அங்கே நிரந்தரமாக்கினேன். என்னை அவர்கள் நிரந்தரமாக்கவில்லை. இஞ்சை எனக்கு ஒரு வீடு இருக்கிறது. ஐஸ் வேண்டுமென்றால் அதைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் வரமாட்டேன்."

மறுநாள் லோயர் சொன்ன அந்தக் கேள்வி வந்தது. ஹெல்கா கைப்பையைத் திறந்தாள். உள்ளே இரண்டு கடிதங்கள் இருந்தன. மேயரின் கடிதத்தை அவள் கையால் தொட்டுப் பார்த்தது அருள்நாயகத்துக்குத் தெரிந்தது. அவள் மற்றதை எடுத்தாள். முப்பது நாளுக்குள் நாட்டைவிட்டு வெளியேறவேண்டும் என்று 1989இல் தவமலருக்கு வந்த கடிதம் அது. "இதை வாங்கியபோது இவளை அலுவலகத்துக்குக் காரில் கூட்டிக்கொண்டு போனவள் நான். அன்று மாலையும் வந்து ஐஸ் போட்டாள். நாங்கள் ஆறுக்கு இரண்டு என்று வென்றோம். ஒருவரும் இவளிடம் என்ன நடந்தது என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை," என்றாள். கடிதத்தை விசாரணை மேசையில் வைத்தாள். அரை மணித்தியாலத்தில் தீர்ப்புச் சொன்னார்கள். தவமலரை ஏற்றுக்கொண்டார்கள். வெளியே வந்ததும் அருள்நாயகம் ஹெல்காவைக் கட்டிப்பிடித்து அழுதார். அவருடைய தலை அவளுடைய தோளுக்குத்தான் எட்டியது.

ஹெல்கா மோர்லிங்கனுக்குத் திரும்பி நிர்வாகக் குழுவிடம் நடந்ததைச் சொன்னாள். ஒரு கிழமை அவளோடு யாரும் பேசவில்லை. எட்டாம் நாள் காலை ஸ்ரேடியத்தைத் திறந்த காவலாளி, தேங்கி நின்ற தண்ணீர் தெளிந்து நீலமாகவும் இளஞ்சூடாகவும் இருப்பதைக் கண்டார். விரலை விட்டு நக்கிப் பார்த்தார். உப்பு. மதியத்துக்குள் அதில் சின்ன அலை அடிக்கத் தொடங்கிவிட்டது. கடல் நானூறு கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த அந்த நகரத்தில் அரைவாசிப் பேருக்கு நீச்சல் தெரியாது. அந்தக் கோடையில் எல்லாரும் பழகினார்கள். மூட்டுவலிக்காரர் துவாயோடு வரிசையில் நின்றார்கள். தபால்காரர் ஒருநாள், பருத்தித்துறைக் கடலில் பிடிபடுகிற கீரிமீன் இரண்டு பிடித்தார். ஹெல்காவின் புருஷன் வெள்ளிக்கிழமை மாலைகளில் மல்லாந்து மிதந்துகொண்டு, ரொறன்ரோவிலிருந்து வரும் வானொலி வர்ணனையைக் கேட்டார். முதலில் ஹெல்காவோடு பேசியதும் அவர்தான். நீச்சலுடை வாங்கித் தரச் சொன்னார்.

1994 மார்ச் இருபதாம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அறுபத்தெட்டு வருடத்தில் முதல் தடவையாக நாரைகள் இறுதியாட்டத்துக்கு வந்தார்கள். எதிரணி பெரிய நகரத்து அணி. ஏழு தடவை சாம்பியன். மூன்றாவது பீரியட் முடிய மூன்றுக்கு மூன்று. மேலதிக நேரத்தில் முதல் கோல் அடிக்கிறவர்களுக்கே கிண்ணம். அருள்நாயகம் பானையோடு திரும்பியபோது, விளிம்பில் கதிரையில் இருந்த தவமலர் இரண்டு கையாலும் கதிரையை இறுக்கிப் பிடித்திருப்பதைக் கண்டார். நிறைமாதம். பிள்ளைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

"எப்ப தொடங்கினது?"

"ரெண்டாவது பீரியட்டிலை."

"ஏன் சொல்லேல்லை?"

"நான் எழும்பிப் போனா ஐஸும் வந்திடுமெல்லே. அறுபத்தெட்டு வருசமாக் காத்திருக்கிதுகள்."

அருள்நாயகம் பானையைக் கீழே வைத்தார். "ஐஸ் போனாப் போகட்டும், கிண்ணம் போனாப் போகட்டும். எழும்பும், ரக்சி நிக்குது," என்றார். அவர் அப்படி உரத்துப் பேசி யாரும் கேட்டதில்லை. வின்சன்ற் ஒலிபெருக்கியில், "எல்லாரும் வழி விடுங்கோ, பிள்ளை வரப்போகுது!" என்று அறிவித்தார். ரக்சி புறப்பட்டது. ஐஸ் மைதானம் சுருங்கி, தெரு அகலத்துக்கு ஒடுங்கி, ரக்சிக்குப் பின்னால் ஓடத் தொடங்கியது. ஊவே ஒரு கணந்தான் நின்றான். பிறகு மட்டையைத் தூக்கிக்கொண்டு அதன்மேல் சறுக்கிப் பின்தொடர்ந்தான். அவன் பின்னால் நாரைகள், அவர்கள் பின்னால் எதிரணி, நடுவர்கள், அளவுநாடாவோடு லாங்க, அவருக்குப் பின்னால் றோல்ஸ் தட்டுகளோடு அன்ரிமார். கார்ல்ரன் வீதியில் தண்டவாளத்தில் ஓடும் ஸ்ரீற்காரின் சாரதி மணியடித்து நிறுத்தி, கடைசி ஆள் போகும்வரை பொறுத்திருந்தார். ஆஸ்பத்திரிக் கார் தரிப்பிடத்தில் ஐஸ் மறுபடி விரிந்தது. நின்ற கார்களை மெதுவாக ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டது. ஒன்றிலும் கீறல் இல்லை. லாங்க அளந்தார். அறுபதுக்கு முப்பது.

மேலதிக நேரம் நாற்பத்தொரு நிமிடம் நடந்தது. நாலாம் மாடியிலிருந்து ஒரு நேர்ஸ் யன்னலைத் திறந்து நிலவரம் சொன்னார். வின்சன்ற் அதைத் தமிழிலும் ஹெல்கா டொச்சிலும் கூட்டத்துக்குச் சொன்னார்கள். வீரர்கள் யன்னல் திறக்கும்போதெல்லாம் நின்று கேட்டுவிட்டு விளையாடினார்கள். கடைசியில் கோல் அடித்தது ஊவே அல்ல. பதினொரு வருடமாக ஒரு கோலும் அடிக்காத ஒரு தடுப்பாட்டக்காரன், பக்கைத் தன்பாட்டில் அப்புறப்படுத்த ஓங்கி அடிக்க, அது உருண்டு உருண்டு போய், யன்னலைப் பார்த்துக்கொண்டு நின்ற கோல்காப்பாளரின் கால்களுக்கு இடையால் உள்ளே போனது. நாரைகள் சாம்பியன். மோர்லிங்கனில், ஸ்ரேடியத்துத் தண்ணீருக்குள், இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் குதித்தார்கள்.

ஆனால் யாரும் வீட்டுக்குப் போகவில்லை. வென்றவர்களும் தோற்றவர்களும் கிண்ணத்தில் றோல்ஸை நிரப்பிக் கைமாற்றிக்கொண்டு ஐஸில் நின்றார்கள். ஆறு மணி பத்து நிமிடத்துக்கு யன்னல் திறந்தது. இந்த முறை நேர்ஸ் இல்லை, அருள்நாயகம். ஜக்கற் இல்லாமல், சேர்ட் கையை மடித்துவிட்டு, "பொம்பிளைப் பிள்ளை! ரெண்டு பேரும் சுகம்!" என்று கத்தினார். கீழே நாற்பத்துநாலு வீரர்கள் மட்டைகளால் ஐஸைத் தட்டினார்கள். தோற்ற அணியின் கோல்காப்பாளர்தான் எல்லாரிலும் கூடத் தட்டினார் என்று சொல்கிறார்கள். பிள்ளைக்கு அட்சயா என்று பெயர் வைத்தார்கள்.

1995 கோடையில் அவர்கள் அஜின்கோர்ட்டில் வீடு வாங்கிக் குடிபோனார்கள். பின்னால் பெரிய பூங்கா இருந்தது. அயலவர்கள் ஒரு கூட்டம் வைத்து, வெள்ளிக்கிழமைகளில் கார்களை எங்கே விடுவது என்று மட்டும் கேட்டார்கள். அந்த வருட லீக் கையேட்டில், கழகங்களும் மைதானங்களும் என்ற பக்கத்தில், மோர்லிங்கனுக்கு நேரே இப்படி இருக்கிறது: "சொந்த மைதானம், திருமதி தவமலர் அருள்நாயகம் இருக்கும் இடம். வருகிற அணிகள் புறப்படுமுன் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளவும்."